நாவை மிதித்து வளைப்பவர்கள்

சங்கீதம் 64:3-ல் பொல்லாதவர்கள் கசப்பான வார்த்தைகளாகிய அம்புகளை ‘நாணேற்றுகிறார்கள்’ என்று நம் பழைய தமிழ் வேதாகமம் சொல்கிறது. அழகான தமிழ். ஆனால் எபிரெயத்தில் அங்கே இருக்கும் வினைச்சொல் ‘தாரக்’. அதற்கு நேர்ப்பொருள் மிதித்தல். திராட்சை ஆலையை மிதிப்பதற்கும் (ஏசாயா 63:3) இதே சொல்தான். ‘வழி’ என்று பொருள்படும் ‘தெரெக்’ இதே வேரில் பிறந்தது.

வில்லுக்கும் மிதிப்பதற்கும் என்ன தொடர்பு? பெரிய வில்லைக் கையால் மட்டும் வளைத்து நாண் பூட்ட முடியாது. ஒரு முனையைக் காலால் அழுத்தித்தான் வளைக்க வேண்டும். அதனால் ‘வில்லை மிதித்தான்’ என்றாலே எய்ய ஆயத்தமானான் என்று பொருள். எரேமியா 9:3-ல் நாவே வில்லாகி, பொய் சொல்பவர்கள் அதை மிதித்து வளைக்கிறார்கள். சங்கீதம் 64 இன்னும் ஒரு படி தள்ளிப் போகிறது. அங்கே மிதிக்கப்படுவது வில் அல்ல, அம்பு! அம்பை யாரும் மிதிப்பதில்லை. வினைச்சொல் தன் பழைய காட்சியை இழந்து, குறிவைப்பது என்ற பொருளில் உறைந்துவிட்டது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

பேச்சால் தாக்குவதைச் சொல்லும் இப்படிப்பட்ட தொடர்களில் உவமையையும் மரபுத்தொடரையும் பிரித்தறிய ஒரு வழி உண்டு. ‘போல’ என்று பொருள்தரும் ‘கெ’ என்ற முன்னொட்டு இருந்தால் அது உவமை. கவிஞர் அந்த இடத்தில் செய்த படம். சங்கீதம் 52:2-ல் தீட்டிய சவரகன் கத்திபோன்ற நாவு, 140:3-ல் பாம்புபோலக் கூராக்கிய நாவு, நீதிமொழிகள் 12:18-ல் பட்டயக் குத்துகள்போன்ற பேச்சு எல்லாம் இந்த வகை. ‘கெ’ இல்லாமல், விளக்கமும் இல்லாமல், கேட்பவருக்குப் புரியும் என்று விட்டுவிட்டால் அது பெரும்பாலும் மரபுத்தொடர். எரேமியா 18:18-ல் எதிரிகள் ‘வாருங்கள், அவனை நாவால் அடிப்போம்’ என்கிறார்கள். ‘நக்கேஹு’ என்பது கையாலும் கோலாலும் அடிப்பதற்கான சாதாரணச் சொல்.

இந்தச் சொற்களை மூலத்தில் தேடும்போது பலரும் தடுமாறுவது வசன எண்ணில். எபிரெயத்தில் சங்கீதத் தலைப்பு பல இடங்களில் தனி வசனமாக எண்ணப்படும். நம் 64:3 அங்கே 64:4. தலைப்பு நீளமான 52-ல் நம் 2-ஆம் வசனம் அங்கே 4. எரேமியாவில் அதிகாரம் பிரியும் இடம் வேறு என்பதால் 9:3 அங்கே 9:2. இதைக் கவனிக்காமல் பக்கத்து வசனத்தின் சொல்லை எடுத்து வைத்துப் பிரசங்கம் செய்தால் எல்லாமே பிசகிவிடும்.

இன்னொரு பொறி எழுத்துப்பெயர்ப்பு. லேவியராகமம் 19:16-ல் கோள்சொல்லித் திரிபவன் ‘ராகீல்’. சங்கீதம் 15:3-ல் புறங்கூறுவது ‘ராகல்’. தமிழில் எழுதினால் ஒரே குடும்பம்போலத் தெரியும். முதலாவதில் இருப்பது ‘காஃப்’ என்ற எபிரெய எழுத்து, இரண்டாவதில் ‘கீமெல்’ என்ற எழுத்து, வேர்கள் வேறு. ராகீலை ஊர் ஊராய்ப் போகும் வியாபாரியைக் குறிக்கும் ‘ரோகேல்’ உடன் சேர்த்துப் பார்ப்பது வழக்கம். ராகலோ ‘கால்’ என்ற பொருளுடைய ‘ரெகெல்’ உடன் சேர்ந்தது. இரண்டிலும் நடை இருக்கிறது என்பது உண்மை. ‘கோள்சொல்லித் திரியாயாக’ என்ற தமிழில் அந்த நடையும் தப்பாமல் வந்திருக்கிறது. மொழிபெயர்த்தவர்களை வணங்கத் தோன்றும் இடம் இது.

ஆயுதமும் உறுப்பும் இல்லாமல், ஒற்றை எழுத்திலும் தாக்குதல் ஒளிந்திருக்கும். எண்ணாகமம் 12:1-ல் மிரியாமும் ஆரோனும் மோசேக்கு விரோதமாய்ப் பேசுகிறார்கள். மூலத்தில் ‘விரோதம்’ என்ற சொல்லே இல்லை. ‘பேசு’ என்ற வினையோடு ‘பெ’ என்ற முன்னொட்டு மட்டும். வினையும் பெண்பால் ஒருமை. பேச்சைத் தொடங்கியவள் மிரியாம் என்று அதிலிருந்தே ஊகிக்கலாம். ஆனால் ‘பெ’ வந்த இடமெல்லாம் விரோதம் என்று எடுத்துவிடக் கூடாது. அடுத்த வசனத்திலேயே கர்த்தர் மோசேயைக்கொண்டு பேசினார் என்பதற்கும் அதே ‘பெ’. 8-ஆம் வசனத்தில் இரண்டு பொருளும் ஒன்றாக நிற்கின்றன: நான் அவனோடே வாய்க்கு வாய் பேசுகிறேன், நீங்கள் அவனுக்கு விரோதமாய்ப் பேசத் துணிந்தீர்களே என்று. யார் யாரைப் பற்றி, எந்த மனநிலையில் பேசுகிறார் என்று பார்த்துத்தான் முடிவெடுக்க முடியும்.

எல்லாவற்றிலும் விசித்திரமானது தானியேல் 3:8. அது எபிரெயத்தின் உறவுமொழியான அரமேயத்தில் எழுதிய பகுதி. தமிழில் கல்தேயர் யூதர்பேரில் ‘குற்றஞ்சாற்றி’ என்று இருக்கும். மூலத்தில் அவர்கள் யூதருடைய ‘துண்டுகளைத் தின்றார்கள்’. ‘கர்த்ஸ்’ என்பது கிள்ளியெடுத்த துண்டு. களிமண்ணைக் கிள்ளி எடுப்பதற்கு இதே வேர் யோபு 33:6-ல் வருகிறது. தொடர் தானியேலுக்கு வெகு முந்தியது. எகிப்தின் அமர்னாவில் கிடைத்த கி.மு. 14-ஆம் நூற்றாண்டு களிமண் மடல்களில், எருசலேமை ஆண்ட அப்திஹேபா பார்வோனுக்கு எழுதும்போது ‘என் துண்டுகளைத் தின்கிறார்கள்’ என்று பழைய பாபிலோன் பகுதி மொழியான அக்காதியத்தில் முறையிடுகிறார். அரமேயத்தின் ஒரு வடிவமான சீரிய மொழி வேதாகமத்தில் பிசாசுக்குப் பெயரே ‘ஆகெல்கர்த்ஸா’, அதாவது துண்டு தின்பவன்.

இத்தனை பழகிய தொடர் என்பதால் தின்பது யார் மனதிலும் தோன்றியிருக்காது என்று எண்ணலாம். தானியேல் 6:24-ஐ மூலத்தில் படித்தால் அப்படிச் சொல்ல மனம் வராது. தானியேலின் ‘துண்டுகளைத் தின்ற’ மனிதரைக் கொண்டுவந்து கெபியில் போடுகிறார்கள். அவர்கள் தரையைத் தொடுமுன்னே சிங்கங்கள் அவர்கள் எலும்புகளையெல்லாம் நொறுக்குகின்றன.