கரண்ட் போகாத நாள்

நேற்றுக் காலை ஒன்பது மணிக்கு ரங்கூனில் எங்கள் தெருவில் கரண்ட் போகவில்லை. போக வேண்டிய நேரம் அது. நாலு மணி நேரம் வரும், எட்டு மணி நேரம் வராது என்பதுதான் எங்கள் பக்கத்து வேதம். ஒன்பதரையாகி, பத்தும் ஆனது. சித்தப்பா முகம் இழவு வீட்டுக்கு வந்தவர் முகம் மாதிரி ஆகிவிட்டது.

சித்தப்பாவைத்தான் உங்களுக்குத் தெரியுமே. ரங்கூனே மெழுகுவத்தி வாங்கிக்கொண்டிருந்தபோது, சித்தியின் இரட்டைவடச் சங்கிலியை விற்று இரண்டு லித்தியம் பேட்டரியும் பால்கனிக்கு வெளியே தொங்க நாலு சோலார் தகடும் வாங்கியவர். லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் பேட்டரியைத் தூக்கி வந்த பையன்கள் மூன்றாவது மாடியில் நின்றுகொண்டு கூலியை இரட்டிப்பாக்கியதை இன்றும் சொல்லி அழுவார். இப்போது போன் சார்ஜுக்கு 300 கியாட், பவர் பேங்குக்கு 700, வைஃபையோடு உட்கார்ந்து பேச 500. ஐஸ் தனி. மீன்காரம்மாவிடம் மட்டும் ஐஸுக்குப் பதில் மீன். பால்கனியிலிருந்து தெருவுக்குத் தொங்கும் மணிக்கயிற்றின் கிளிப்பில் போனை ஒரு பையில் போட்டு மாட்டி, காசையும் வைத்து இழுத்தால் போதும், மேலே போய்விடும். வாடிக்கையாளர் படியேறி மூச்சு வாங்கக் கூடாதாம்.

சங்கிலி திரும்பக் கழுத்துக்கு வந்துவிட்டது, கூடவே ஒரு ஜோடி வளையலும். காளி கோயிலில் சித்தி கண்ணை மூடிக்கொண்டு என்ன வேண்டுகிறாள் என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்பதில்லை.

மத்தியானமும் கரண்ட் போகவில்லை. டீக்கடையில் ஆளுக்கொரு சேதி. கரண்ட் எடுக்கக் கேஸ் கப்பல் வந்துவிட்டது என்றார் ஒருவர். அந்தக் கப்பலை நம்பிய திலாவா, தாக்கேட்டா மின்நிலையங்கள் 2021-லேயே நின்றுபோனதை இன்னொருவர் ஞாபகப்படுத்தினார். அப்படியானால் நம் கடலில் எடுத்து அவனுக்கு விற்கிற யாடானா கேஸைத் தாய்லாந்துக்காரன் திருப்பி அனுப்பியிருப்பான் என்றது மூன்றாவது கட்சி. அனுப்புவானா? அப்புறம் பாங்காக் மால்களில் யார் குளிர்வது? மழை நன்றாகப் பெய்து அணைகள் நிரம்பிவிட்டன என்பதுதான் கொஞ்சம் நம்பும்படி இருந்தது. சித்தப்பாவும் அதையே பிடித்துக்கொண்டு, "கோடை வந்தால் வத்திடும், வத்திடும்" என்று தனக்குத்தானே தேறுதல் சொல்லிக்கொண்டார்.

தாத்தா இருந்திருந்தால் லாபித்தா கதையை எடுத்திருப்பார். 1941 டிசம்பரில் ரங்கூன் மேல் குண்டு போட்ட அதே ஜப்பான், போர் நஷ்டஈடாகக் கட்டிக் கொடுத்த நீர்மின் நிலையம் அது. 1960-இல் கட்டி முடித்தார்கள். "அடுத்த கரண்டுக்கு எவன் குண்டு போடணுமோ" என்று கடைசி வரை கேட்டுக்கொண்டிருந்தார். சிரிப்பதா வேண்டாமா என்று அப்போதும் தெரியவில்லை.

சாயங்காலம் சித்தப்பா காலிப் பெஞ்சைத் துடைத்துக்கொண்டிருந்தபோது மூன்றாவது மாடி பர்மியப் பாட்டி போனைத் தூக்கிக்கொண்டு வந்தார். போனில் 90 சதவீதம் சார்ஜ் இருந்தது. அவர் வீட்டிலும் கரண்ட் இருந்தது. எட்டு மணிக்கு மலேசியாவிலிருந்து மகன் வீடியோவில் வருவான், பச்சைப் பொத்தானைச் சித்திதான் அமுக்கிக் கொடுக்க வேண்டும், மகன் சாப்பிட்டானா என்று சித்தியும் கேட்க வேண்டும். எப்போதும் அப்படித்தான். நேற்றும் அப்படியே நடந்தது. பேசி முடித்துவிட்டுப் பாட்டி முடிச்சை அவிழ்த்து 500 கியாட்டை மேசையில் வைத்தார்.

சித்தப்பா எடுத்துக்கொண்டார்! சித்தி முறைத்த முறைப்பில் பேட்டரியே இறங்கியிருக்கும். "பழக்கத்தைக் கெடுக்கக் கூடாது" என்றார் மனிதர்.

ராத்திரி பதினொரு மணிக்குக் கரண்ட் போயே போய்விட்டது. அப்போதுதான் கட்டடத்துக்கே விஷயம் உறைத்தது. வழக்கமாகக் கரண்ட் வந்ததும் "மீ லா பீ", அதாவது கரண்ட் வந்தாச்சு, என்று பிள்ளைகள் பர்மியில் கத்தும், நடுராத்திரியானாலும் ஆறு மாடி மோட்டாரும் ஒன்றாக உறுமும். நேற்றுக் கரண்ட் இருக்கிறதே, அப்புறம் போடலாம் என்று ஒரு வீட்டிலும் மோட்டார் போடவில்லை. தொட்டிகள் எல்லாம் காலி.

சித்தப்பா வீட்டு மோட்டார் மட்டும் இன்வெர்ட்டரில் ஓடியது. அவர் முகத்தில் களை திரும்பிவிட்டது. ஒரு வாளி தண்ணீர் 200 கியாட், மாடிப்படியில் வரிசை. சொந்த அண்ணன் மகன் என்பதால் எனக்கு வாளி மட்டும் இலவசம்.