486-ஐக் காலி செய்கிறேன்: பெருமையெல்லாம் அட்ரிப்புக்கே

பழைய 486 கணினியின் ஹார்ட் டிஸ்க்கில் இருந்த வேலை அடைவு (ஃபோல்டர்) முழுவதும் ஒருவழியாக வெளியே வந்துவிட்டது. வெட்டி ஒட்டிய ஒரு கோப்பைத் தவிர, எல்லாமே அதில் ஓடும் டாஸ் 6.22 இயங்குதளத்துடன் வந்த கட்டளைகளை மட்டும் வைத்துக்கொண்டு, பிளாப்பி வழியாக. கொஞ்சம் பீற்றிக்கொள்ளத்தான் போகிறேன்.

டிஸ்க்கைக் கழற்றி யுஎஸ்பி மாற்றியில் செருகலாமே என்பீர்கள். செருகிப் பார்த்தாயிற்று. விளக்கு எரிந்தது, டிஸ்க் சுழன்றது, திரையில் ஒன்றும் தென்படவில்லை. அந்தக் காலத்து ஐடிஇ டிஸ்க்குகள் பலவற்றுக்கு இடத்தைச் சிலிண்டர், ஹெட், செக்டர் என்று மூன்று எண்களால் குறிக்கும் கணக்குதான் தெரியும். இன்றைய மாற்றிகள் பலவும் ஒவ்வொரு செக்டருக்கும் ஒரே வரிசை எண் தரும் எல்பிஏ முறை தவிர வேறு எதற்கும் மசிவதில்லை.

டாஸுடன் வரும் காப்பு நிரலான எம்எஸ்பேக்கப் எனக்கு ஆகாது. எல்லாவற்றையும் உருட்டித் திரட்டி, தன்னால் மட்டுமே திறக்கக்கூடிய ஒரு பிண்டமாக்கிக் கொடுக்கும். எனக்குக் கோப்பு கோப்பாகவே வேண்டும்.

ஆகவே கோப்புகளின் குறிகளை மாற்றும் கட்டளையான அட்ரிப். ‘அட்ரிப் +ஏ *.* /எஸ்’ என்றதும் எல்லாக் கோப்புகளுக்கும், இன்னும் நகல் எடுக்கவில்லை என்று பொருள்படும் ‘ஏ’ குறி விழுந்துவிடும். அடுத்து, உள் அடைவுகளோடு நகல் எடுக்கும் கட்டளை: ‘எக்ஸ்காப்பி சி:\வேலை ஏ:\கே\ /எஸ் /எம்’. மூட்டை இறக்குபவர் சுண்ணாம்புக் கோட்டை அழித்துக்கொண்டே போவதுபோல, நகல் எடுத்த கோப்பின் குறியை /எம் அழித்துக்கொண்டே போகும். இடம் தீர்ந்ததும் நின்றுவிடும். உள்ளே போக முடியாத கோப்பின் குறி அழியாமல் இருக்கும். பிளாப்பியை மாற்றி அதே கட்டளையைக் கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். /எம்முக்குப் பதில் /ஏ போட்டால் குறி அழியாது. ஒவ்வொரு பிளாப்பியிலும் அதே கோப்புகள்தான் வந்து உட்காரும்.

அந்த ‘\கே\’ அலங்காரத்துக்கு இல்லை. 1.44 எம்பி பிளாப்பியின் மூல அடைவில் (மேல்மட்ட அடைவில்) 224 பதிவுகளுக்குத்தான் இடம். என் டர்போ பாஸ்கல் நிரல்கள் ஒவ்வொன்றும் ஒன்றிரண்டு கேபி. பாதிக்கு மேல் இடம் காலியாகக் கிடக்கும்போதே பிளாப்பி முரண்டு பிடிக்கும். உள் அடைவுக்கு இந்த வரம்பு கிடையாது. கடைசிச் சாய்கோடும் முக்கியம். அது இல்லாவிட்டால், கே என்பது கோப்பா அடைவா என்று ஒவ்வொரு புதுப் பிளாப்பியிலும் எக்ஸ்காப்பி கேள்வி கேட்டு உயிரை வாங்கும்.

மறைந்திருக்கும் கோப்புகளை 6.22-இன் எக்ஸ்காப்பி கண்டுகொள்வதே இல்லை. முன்கூட்டியே அட்ரிப்பில் -எச், -எஸ் கொடுத்து, மறைவு, சிஸ்டம் குறிகள் இரண்டையும் ஒரே வரியில் எடுத்துவிட வேண்டும். இரண்டு குறியும் உள்ள கோப்பில் ஒன்றை மட்டும் எடுக்கப் போனால் அட்ரிப் மறுத்துவிடும். இவற்றையெல்லாம் கட்டளைகளை வரிசையாக ஓட்டும் ஒரு பேட்ச் கோப்பில் போட்டு, இடம் போதாவிட்டால் எக்ஸ்காப்பி தரும் எரர்லெவல் 4 வந்தால் பாஸ் கொடுத்து (விசையை அழுத்தும்வரை நிறுத்தி) திரும்பச் சுற்றும்படி எழுதிவிட்டேன். அதன்பின் என் வேலை பிளாப்பியை மாற்றுவது மட்டும்தான்.

ஒரு குறை இருக்கிறது. கொள்ளாத கோப்பு ஒன்று வந்ததும் எக்ஸ்காப்பி நின்றுவிடும். மிச்ச இடத்தில் அடங்கக்கூடிய சின்னக் கோப்பு ஏதாவது பின்னால் இருக்கிறதா என்று பார்க்காது. டிஸ்க்கில் கோப்புகளை ஒழுங்காக அடுக்கும் டீஃப்ராக்கில் ‘/எஸ்:எஸ்-’ போட்டுப் பெரிய கோப்புகளை முன்னால் கொண்டுவந்தால் இடம் மிச்சமாகும். ஆனால் கரகரவென்று சத்தம் போடும் டிஸ்க்கில் டீஃப்ராக் ஓட்ட எனக்குத் துணிச்சல் இல்லை. நாலு பிளாப்பி கூடப் போனால் போகட்டும்.

பிளாப்பி என்றதும் ஞாபகம் வருகிறது. சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடையின் பரணில் சீல் பிரிக்காத பெட்டிகள் கிடைத்தன. சீலைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். ‘ஃபார்மட் ஏ: /யு’ கொடுத்துப் பார்த்தால், முதல் தடமான டிராக் 0 கெட்டுப்போனவை அதில் தாராளமாக இருந்தன. ஃபார்மட் செய்யாமல் எதிலும் எழுத வேண்டாம்.

பிளாப்பியில் அடங்காத டிபேஸ் தரவுத்தளக் கோப்பு ஒன்றுதான் முதலில் சொன்ன அந்த வெட்டி ஒட்டிய கோப்பு. பைட்டுகளைக் கொத்தாகப் படிக்கும் பிளாக்ரீட் வைத்துச் சின்னதாக ஒரு பாஸ்கல் நிரல் எழுதித் துண்டு போட்டேன். மறுபக்கத்தில் ‘காப்பி /பி’ கொண்டு ஒட்டினேன். /பி இல்லாமல் கூட்டல் குறி போட்டு ஒட்டினால், காப்பி அதை உரைக்கோப்பு என்று எண்ணி, 26 என்ற பைட்டைக் கண்டதும் கோப்பு முடிந்தது என்று கையைக் கழுவிவிடும். நடுத்துண்டில் எங்கேனும் அந்தப் பைட் இருந்தால், அந்தத் துண்டில் அதற்குப் பின்னால் உள்ளதெல்லாம் போய்விடும்.

அடுத்தது, இரண்டு கணினிகளைக் கேபிளால் இணைக்கும் இன்டர்லிங்க். 6.22-இலேயே இருக்கிறது, பேரலல் கேபிள் ஒன்று கிடைத்தால் பிளாப்பித் தொல்லை விட்டது. சாதாரண பிரிண்டர் கேபிள் உதவாது, இரண்டு முனையும் ஆண் முனையாக, உள்ளே கம்பிகள் மாற்றிக் கட்டியதாக இருக்க வேண்டும். கடையில் கேட்டால் பிரிண்டர் கேபிளைத்தான் எடுத்து நீட்டுகிறார்கள். கிடைக்காவிட்டால் நானே சால்டர் செய்யப் போகிறேன். 25 முனைக் கனெக்டர்கள் வாங்கி வைத்தாயிற்று.

விளையாட்டு அடைவு இன்னும் பாக்கி. ‘டிர் /ஏஏ /எஸ் /பி’ கொடுத்தால் குறி அழியாத கோப்புகள் பக்கம் பக்கமாக ஓடுகின்றன. கேபிள் வரும்வரை அதைத் தொடுவதாக இல்லை.