கேமிங் பிசி: அண்ணாச்சி கடையில் பூட்டுவதா, பெட்டியாக இறக்குவதா?

கேமிங் பிசியைப் பார்ட் பார்ட்டாக வாங்கிப் பூட்டலாமா, கம்பெனியே பூட்டி விற்கும் பிரீபில்ட் பெட்டியாகவே வாங்கலாமா என்பதற்குச் சென்னைக்காரருக்கும் வள்ளியூர்க்காரருக்கும் ஒரே பதில் கிடையாது. சென்னைக்காரருக்குக் கிராபிக்ஸ் கார்டு மக்கர் பண்ணினால், கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த ரிச்சி தெரு பக்கத்தில் இருக்கிறது. நெல்லைப் பக்கத்து நமக்கு கூரியர், இல்லையென்றால் நெல்லை எக்ஸ்பிரஸ். அதனால் விலையைக் கேட்கும் முன், பழுது வந்தால் பெட்டியைத் திறக்கப்போவது யார் என்று யோசியுங்கள்.

ஆன்லைனில் மலிவாகக் கிடக்கும் பெட்டிகளில் "ஐ7, 16 ஜிபி, 4 ஜிபி கிராபிக்ஸ்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். ஐ7 என்பது இன்டெல் சிபியு வரிசையின் பெயர்; எந்தத் தலைமுறை ஐ7 என்று பாருங்கள். ஐ7-2600, ஐ7-3770 என்றால் 2011, 2012-ல் வந்த சரக்கு. அதோடு பேச்சை முடித்துக்கொள்ளலாம். விண்டோஸ் 11-ன் ஆதரவுப் பட்டியலில் அவை இல்லை. விண்டோஸ் 10-க்கு ஆதரவு 2025 அக்டோபரோடு நின்றுபோனது. 2022-ல் வந்த ஐ3-12100எஃப் இவற்றைச் சுலபமாக முந்தும். கிராபிக்ஸ் கார்டு ஜிடி 730 என்றால் படம் பார்க்கலாம், அவ்வளவுதான்.

பெரிய கம்பெனிப் பெட்டிகளில் ஏமாற்று இல்லை, சிக்கனம் உண்டு. 16 ஜிபி ரேமை ஒரே ஸ்டிக்காகப் போட்டிருப்பார்கள்; இரண்டு 8 ஜிபி இருந்தால்தான் இரு வழியில் டேட்டா ஓடும் டூயல் சேனல். ஒற்றை ஸ்டிக்கில் கேம் நடுநடுவே திக்கும். சில மாடல்களில் மதர்போர்டும், கரண்ட் கொடுக்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸும் அவர்களுடைய தனி அளவு. வாரண்டி முடிந்தபின் எஸ்எம்பிஎஸ் போனால் கடையில் கிடைக்கும் பொது அளவான ஏடிஎக்ஸ் அதில் உட்காராது. வீட்டுக்கே ஆள் வந்து பார்க்கும் வாரண்டி மட்டும் நிஜமான லாபம். அது உங்கள் பின்கோடுக்கு உண்டா என்று முதலிலேயே கேட்டுக்கிடுங்க.

அசெம்பிள் செய்தால் எப்போதும் மலிவு என்ற பழைய கணக்கும் இப்போது ஆடுகிறது. 2025 கடைசியில் ரேம் விலை தாறுமாறாக ஏறியபிறகு, பழைய ஸ்டாக் ரேமில் பூட்டிய பெட்டி சில நேரம் குறைவாக வருகிறது. ஒரே நாளில் இரண்டுக்கும் கொட்டேஷன் வாங்கி ஒப்பிடுங்கள்.

நம் பக்கத்துக்கு ஏற்றது நடுவழிதான். பார்ட் லிஸ்ட்டை நீங்களே எழுதி, நெல்லை ஜங்ஷனிலோ வண்ணார்பேட்டையிலோ கடையில் கொடுத்துப் பூட்டச் சொல்லுங்கள். "அண்ணாச்சி, எஸ்எம்பிஎஸ் என்ன மாடல்?" என்றால் "500 வாட்ஸ் தம்பி" என்பார். அது பதிலில்லை. ரைசன் 5 5600 சிபியுவுக்கு 65 வாட், ஆர்டிஎக்ஸ் 4060 கார்டுக்கு 115 வாட். மொத்தம் 300-ஐத் தாண்டுவதே அபூர்வம். நல்ல கம்பெனியின் 550 வாட், 80 பிளஸ் ப்ரான்ஸ் என்ற மின்சிக்கன முத்திரை உள்ளது தாராளம். ஸ்டிக்கரில் மட்டும் 500 இருக்கும் மலிவுச் சரக்கு, 12 வோல்ட் லைனில் கரண்ட் தள்ள முடியாமல் கனமான காட்சியில் மிஷினை ரீஸ்டார்ட் ஆக்கும். பழி கிராபிக்ஸ் கார்டு மேல் விழும்.

ஜிஎஸ்டி பில்லில் ஒவ்வொரு பார்ட்டின் சீரியல் நம்பரும் வரட்டும். வாரண்டி ஒவ்வொன்றுக்கும் தனித்தனி.

நீங்களே பூட்டினால் ஒரு மாலைப்பொழுது வேலை. தப்பு நடக்கும் இடங்கள் சிலதான். நாலு ஸ்லாட் போர்டில் ரேம் இரண்டும் சிபியுவிலிருந்து எண்ணி 2, 4-ஆவது ஸ்லாட்டில். கூலர் அடியில் பிளாஸ்டிக் தாள் இருந்தால் உரிக்க வேண்டும். மதர்போர்டின் மேல் மூலையில் சிபியுவுக்கான 8 பின் பவர் ஒயர் தனி. அதை மறந்தால் ஃபேன் சுற்றும், டிஸ்ப்ளே வராது. 5600-ல் உள்கிராபிக்ஸ் கிடையாது, அதனால் மானிட்டர் ஒயரை மதர்போர்டில் சொருகினால் இருட்டுதான், கார்டில் சொருகுங்கள். பயாஸில் (மதர்போர்டின் செட்டிங்ஸ்) ரேமை முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பியை ஆன் செய்யாவிட்டால் 3200 ரேம் 2400, 2666 என்று நொண்டிக்கொண்டிருக்கும்.

அடுத்து காற்று. ஆனி, ஆடியில் ராதாபுரம், வள்ளியூர் பக்கம் காற்றாடி சுற்றும் வேகத்துக்குப் புழுதியும் வீட்டுக்குள் வரும். கண்ணாடி முகப்புக் கேபினெட் வேண்டாம். முன்னால் வலையும் கழற்றிக் கழுவும் ஃபில்டரும் இருக்கட்டும். முன்னே இரண்டு ஃபேன் உள்ளே இழுக்க, பின்னே ஒன்று வெளியே தள்ள. உவரி, திசையன்விளை மாதிரிக் கடலோரத்தில் உப்புக்காற்று வேறு. திடீரென்று டிஸ்ப்ளே வரவில்லையென்றால் முதலில் ரேமைக் கழற்றி, தங்கநிறக் காலைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூள் போகத் துடைத்து மாட்டிப் பாருங்கள்.

கரண்டுக்கு 1 கேவிஏ யுபிஎஸ், ஏறக்குறைய 600 வாட் தாங்கும். சேவ் செய்து அணைக்கப் போதும். வீட்டு இன்வெர்ட்டர் ஸ்கொயர் வேவ் என்றால் அதில் மாட்டாதீர்கள். பிளக்கில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே மல்ட்டிமீட்டர் 3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எலக்ட்ரீஷியன் வந்தபிறகுதான் பிசி. ஐப்பசி இடிக்குப் பவர் ஒயரோடு லேன் ஒயரையும் உருவிவிடுங்கள்.

கடைசியில் பிரீபில்ட்தான் என்று முடிவானால், 600 கிலோமீட்டர் குலுங்கி வந்த பெட்டியை அப்படியே ஆன் செய்யாதீர்கள். பிரிப்பதை வீடியோ எடுங்கள். பக்கப் பலகையைக் கழற்றினால் உள்ளே ஃபோம் அடைத்திருக்கும். அதை எடுத்துவிட்டு, கார்டு ஸ்லாட்டில் நேராக உட்கார்ந்திருக்கிறதா, கூலர் ஆடுகிறதா என்று கையால் தொட்டுப் பார்த்தபிறகு பிளக்கைப் போடுங்கள்.