கூரை ஏற 18 மாதம்: மலாவியில் ஜெபவீடு கட்டிய அனுபவம்

ஆப்பிரிக்காவில் ஊழியத்துக்குப் போக ஆயத்தமாகிறவர்கள், அங்கே ஒரு சின்ன ஜெபவீடு கட்ட எவ்வளவு நாள் ஆகும் என்று அடிக்கடி கேட்கிறார்கள். நாங்கள் ஐந்து மாதம் என்று நினைத்து 2023 மே மாதம் ஆரம்பித்தோம், கூரை ஏறியது 2024 அக்டோபரில்.

நானும் என் மனைவியும் இருப்பது மலாவியின் தெற்கே பலோம்பே மாவட்டத்தில், முலாஞ்சே மலைக்குக் கீழே. 2023 மார்ச்சில் ஃப்ரெடி புயல் அடித்தபோது மலையிலிருந்து சேறும் பாறையும் இறங்கி வீடுகளை மூடின. சபை கூடிக்கொண்டிருந்த மண்சுவர்க் கூடமும் அதில் போயிற்று. அதன்பிறகு மாமரத்தடியில்தான் ஆராதனை.

முதலில் இடம். இங்கே ஊர்த்தலைவரை ம்ஃபூமு என்பார்கள், அவர் சம்மதம் இல்லாமல் ஒரு கல்லை நட முடியாது. மூன்று முறை போய் உட்கார்ந்தோம். ரோட்டோரமாகச் சமதளமான இடத்தை நான் கேட்டேன், அவர் மறுத்துவிட்டு மேட்டில் கல்லும் கரடுமாக ஓர் இடத்தைக் காட்டினார். எனக்கு அப்போது வருத்தம்தான், ஆனால் நான் கேட்ட இடம் தண்ணீர் வந்த தடம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. தயவுசெய்து ஊர்ப் பெரியவர்கள் இடம் காட்டும்போது வாதாடாதீர்கள்.

அப்புறம் செங்கல். நம் ஊரிலிருந்து வந்த காணிக்கையில் செங்கலை விலைக்கே வாங்கிவிடலாம் என்றேன். சபையின் மூத்த தாயார் ஒருவர் (பெண்களை இங்கே ‘மாயி’ என்றுதான் கூப்பிடுவோம்) சொன்னார்: "கல்லும் மணலும் தண்ணீரும் நாங்கள் கொண்டுவருவோம், சிமெண்டும் தகரமும் நீங்கள் பாருங்கள். எல்லாம் நீங்களே வாங்கினால் அது உங்கள் கூடம்." அதுதான் சரியாக இருந்தது. ஆண்கள் மரச்சட்டத்தில் கல் அறுத்து, புல்லால் மூடிக் காயவைத்து, அடியில் தீ வைக்கச் சுரங்கம் விட்டு அடுக்கி, வெளியே சேறு பூசி இரவும் பகலும் எரித்தார்கள். வெந்த கல்லை இரண்டு கையிலும் எடுத்து ஒன்றோடு ஒன்று தட்டினால் ‘கிண்’ என்று கேட்க வேண்டும், ‘தொப்’ என்று கேட்டால் ஓரமாகப் போட்டுவிடுவார்கள். சூளைக்குப் போன விறகுதான் என் மனதை இன்னும் உறுத்துகிறது, ஏற்கெனவே மரம் குறைந்த மலைச்சரிவு இது. அடுத்த கட்டடத்துக்குச் சுடாமல் சிமெண்ட் கலந்து அழுத்திச் செய்யும் மண்கல்லைத்தான் கேட்கப்போகிறேன்.

சுவர் ஜன்னல் மட்டத்துக்கு வந்த நேரத்தில், 2023 நவம்பரில் மலாவியின் நாணயமான குவாச்சாவின் மதிப்பைக் குறைத்தார்கள். டாலருக்கு 1,180 அளவில் இருந்தது ஒரேயடியாக 1,700 ஆனது. தகரத்துக்கென்று குவாச்சாவாக மாற்றி வைத்திருந்த பணத்தில் பாதிக்கூரைக்குத்தான் தகரம் கிடைக்கும் என்றார்கள். இதில் தப்பு என்னுடையது, பணம் வந்த அன்றே தகரத்தை வாங்கி வைத்திருக்க வேண்டும். கூரை இல்லாமல் சுவர் நின்றது, சிமெண்டை மிச்சப்படுத்த மண்சாந்தில் கட்டிய சுவர். மாதக் கடைசியில் ஒரு மாலை காற்றோடு மழை பிடித்தது, மேற்குச் சுவரின் சாந்து கரைந்து ஓடி, விடியும்போது பாதிச்சுவர் தரையில் கிடந்தது.

அதோடு மழையும் நின்றுவிட்டது. ஜனவரியிலும் பிப்ரவரியிலும் மக்காச்சோளம் முழங்கால் உயரத்தில் காய்ந்தது, மார்ச்சில் நாட்டின் 28 மாவட்டங்களில் 23-ஐப் பேரிடர்ப் பகுதியாக ஜனாதிபதி அறிவித்தார். இங்கே சாப்பாடு என்றால் ந்சீமா, மக்காச்சோள மாவில் கிண்டிய கெட்டிக் களி. தொட்டுக்கொள்ள உசீபா என்ற பொடிமீன், காய்ந்த நெத்திலியைப் போலவே இருக்கும். அந்த மாவு இல்லாத வீட்டிலிருந்து ஒருவரைக் கல் சுமக்க எப்படிக் கூப்பிடுவது? வேலையை நிறுத்தினோம். அனுப்பினவர்களிடம் கேட்டு, கட்டடக் காணிக்கையில் ஒரு பகுதியை மாவுக்குத் திருப்பினோம், ஒருவர்கூட மறுப்புச் சொல்லவில்லை. அதற்காகக் கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

மே மாதம் மறுபடி ஆரம்பித்தபோது கொத்தனாரிடம் மூன்று காரியங்களை மட்டும் கேட்டுக்கொண்டேன். அஸ்திவாரத்துக்கு மேலே கரையானும் ஈரமும் ஏறாதபடி கனமான பிளாஸ்டிக் விரிப்பு. சுவர் முழுக்கச் சிமெண்ட் சாந்து. சுவர் உச்சியைச் சுற்றிக் கான்கிரீட் பெல்ட், அதில் கம்பியைப் புதைத்து மேலே விட்டு, கூரை மரத்தை முறுக்கிக் கட்டுவது. புயலில் காற்று தகரத்தைத் தூக்கிக்கொண்டு போன வீடுகளில் இந்தக் கம்பிதான் இல்லாமல் இருந்தது. தகரத்தில் 32 கேஜ் மலிவு, ஆனால் மெல்லிசு. கொஞ்சம் பொறுத்து, அதைவிடத் தடித்த 28 கேஜே வாங்கினோம்.

முதல் பெருமழை ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தின் நடுவில் வந்தது. தகரத்தின் இரைச்சலில் நான் பேசுவது எனக்கே கேட்கவில்லை. நிறுத்திவிட்டு எல்லோரும் சும்மா உட்கார்ந்திருந்தோம். அந்த மாயி மட்டும் எழுந்துபோய் மேற்குச் சுவரில் மேலிருந்து கீழாகக் கையைத் தடவிப் பார்த்து, காய்ந்த உள்ளங்கையை எங்களுக்குக் காட்டினார். பிறகு வாசலில் கொட்டுகிற தண்ணீரைக் காட்டி, இதைப் பிடிக்க ஒரு தொட்டி வேண்டாமா என்று கேட்டார். தொட்டிக்கான மணலை இப்போது சுமந்துகொண்டிருக்கிறார்கள்.