வாடைக்காற்றும் மூன்று திருகாணிகளும்

திருகோணமலைக்கு அருகே உப்புவெளியில் கடலைப் பார்த்திருக்கும் ஒரு விடுதி. அதன் சாப்பாட்டு மண்டபத்தைக் குளிர்விக்கும் 60,000 பி.டி.யூ (குளிர்விக்கும் திறனின் அளவு) ஏசி யூனிட்டின் கொம்பிரசர், அதாவது வாயுவை அழுத்தும் மோட்டார், ஒரே பருவத்தில் இரண்டு முறை எரிந்தது. முதலாவது எரிந்தபோது மின்சாரத்தை அளந்தவன் நான். யூனிட் நின்றிருந்த நேரத்தில், சுவரிலிருந்த ஐசோலேற்றரில் (யூனிட்டுக்குப் போகும் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்சுப் பெட்டி) மூன்று ஃபேஸையும், அதாவது மின்சாரம் வரும் மூன்று கம்பிகளையும், ஒன்றோடொன்று அளந்தேன். 400, 401, 399 வோல்ட். “மின்சாரத்தில் குறையில்லை, கொம்பிரசர்தான் பழுது” என்றேன். என் சொல்லை நம்பி முகாமையாளர் புதியதை வாங்கினார். ஐந்தாவது வாரம் அதுவும் போயிற்று.

அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. கொம்பிரசரின் விலை என் பல மாதச் சம்பளம். அதைவிட, என்ன பிழை என்று எனக்குத் தெரியாமல் இருந்ததுதான் உறுத்தியது.

மூன்றாவது கொம்பிரசரைப் பொருத்தும்போது என் பாஸ் கூடவே வந்தார். யூனிட்டை ஓடவிட்டு, வயரைச் சுற்றிப் பிடித்து மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீற்றரை ஒவ்வொரு வயரிலும் மாட்டச் சொன்னார். இரண்டு ஃபேஸில் 12 அம்பியருக்குச் சற்றுக் கீழே, மூன்றாவதில் 8. பிறகு மீற்றரின் ஒரு முனையை ஐசோலேற்றரில் அந்த மூன்றாவது ஃபேஸ் உள்ளே வரும் திருகாணியிலும் மறுமுனையை அதே ஃபேஸ் வெளியே போகும் திருகாணியிலும் வைக்கச் சொன்னார். போட்டிருக்கும் சுவிட்சின் இரு பக்கமும் ஒரே கம்பி மாதிரிதான்; அங்கே வோல்ட் எதுவும் காட்டக் கூடாது. 11 காட்டியது.

“தம்பி, நீ நின்ற மாட்டை அளந்திருக்கிறாய். இழுக்கிற மாட்டை அளக்க வேண்டும்” என்றார் பாஸ்.

பிரேக்கரை இறக்கிவிட்டுப் பெட்டியைக் கழற்றினோம். கேபிளை மேற்பக்கத் துளையால் இறக்கியிருந்தார்கள். கேபிளைத் துளையில் ஈரம் புகாமல் இறுக்கும் கிளாண்ட் இல்லை, துளையைச் சுற்றி நாடா மட்டும். மூடியின் உட்புறம் மாப்பொடி தூவியது போல உப்புப் படிந்திருந்தது. கடையில் 7/0.85 என்று கேட்டு வாங்கும் 4 சதுர மில்லிமீற்றர் வயரில் ஏழு இழைகள் இருக்கும். பச்சைக் களிம்பைச் சுரண்டியபோது நான்கு இழைகள்தான் முழுதாக இருந்தன. மற்ற மூன்றும் கறுத்து, விரல் பட்டதும் முறிந்தன. 11 வோல்ட்டை 8 அம்பியரால் பெருக்கினால் 88 வாட். ஒரு குண்டு பல்பின் சூட்டைக் கட்டைவிரல் அளவுள்ள ஓர் இணைப்பு நாள் முழுக்கத் தாங்கிக்கொண்டிருந்தது. சூடேறி அந்த இணைப்பு அடியோடு விட்டுப்போகும் வேளைகளில் கொம்பிரசர் இரண்டு ஃபேஸில் தத்தளித்திருக்கிறது. ஓடும் மோட்டாருக்கு ஒரு ஃபேஸ் போய்விட்டால், மிச்ச இரண்டிலும் மின்னோட்டம் ஏறக்குறைய 1.7 மடங்காகும். சுற்று எரியாமல் என்ன செய்யும்? யூனிட் நின்றிருக்கும்போது அந்த இணைப்பு வழியே மின்னோட்டம் ஓடுவதில்லை. அதனால் நான் அளந்தபோது முழு 400 வோல்ட்டும் காட்டியது.

இந்தக் கரையில் இது ஏன் திரும்பத் திரும்ப நடக்கிறது என்பதைப் பல காலம் யோசித்திருக்கிறேன். வாடைக்காற்றும் மழையும் வரும் மாதங்களில் கடலின் ஈரம் நேரே சுவரில் அடிக்கிறது. அப்போது உல்லாசப் பயணிகள் குறைவு. யூனிட்டுகள் நின்றே கிடக்கும். சூடேறாத டெர்மினலில் ஈரம் காய்வதில்லை, உப்பு தன் வேலையைச் செய்கிறது. மே மாதம் கச்சான் காற்று அனலாக வீசத் தொடங்கியதும் அறைகள் நிறைகின்றன. எல்லாவற்றையும் ஒரேயடியாகப் போடுகிறார்கள். பழுது விளைவது வாடையில், எரிவது கச்சானில். நடுவிலுள்ள சித்திரை மாதம்தான் எங்களுக்கு உரிய மாதம். அப்போது பெட்டிகளைத் திறந்து, கறுத்த முனையை வெட்டி எறிந்து, வயர் முனையில் மாட்டும் உலோக லக் ஒன்றைப் புதிதாக அழுத்தி, திருகாணிகளை இறுக்கினால் போதும். ஒரு பெட்டிக்கு அரை மணி நேரம்கூட ஆகாது. அந்த அரை மணி நேரத்துக்குக் கூலி கேட்டால்தான் பல இடங்களில் முகம் சுளிக்கிறார்கள்.

வயரின் தடிப்பிலும் இதே கதைதான். நிலாவெளிப் பக்கத்து வளவுகள் வீதியிலிருந்து கடல் வரை நீண்டு கிடப்பவை. மீற்றர் பெட்டி வீதியோரம், அறைகள் கடலோரம், இடையில் 80 மீற்றர். 11 அம்பியர் இழுக்கும் ஒரு ஃபேஸ் யூனிட்டுக்கு அவ்வளவு தூரம் 2.5 சதுர மில்லிமீற்றர் வயர் இழுத்தால் வழியிலேயே 16 வோல்ட் தொலையும். 6 என்றால் ஆறரை வோல்ட்டோடு நிற்கும். மாலையில் ஊரெல்லாம் விளக்குப் போட, வீதியிலேயே 215 வோல்ட்தான் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்; 2.5 வயரின் மறுமுனையில் 200கூட இராது, கொம்பிரசர் திணறும்.

2022 இல் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை போனபோது, விடுதிகள் அவசர அவசரமாக ஜெனரேற்றர் பூட்டின. ஒரு மண்டபத்தில் ஜெனரேற்றர் ஓடும்போது மட்டும் யூனிட் கடகடவென்று இரைந்தது, குளிர் இல்லை. ஸ்குரோல் என்ற வகைக் கொம்பிரசர், மூன்று ஃபேஸின் வரிசை மாறினால் பின்புறமாகச் சுற்றும், வாயுவை அழுத்தாது. யாரோ யூனிட்டிலேயே இரண்டு வயர்களை மாற்றிக் கொடுத்திருந்தார்கள். அன்றிரவு மின்சார சபையின் மின்சாரம் வந்ததும் அதே இரைச்சல்! மாற்ற வேண்டியது ஜெனரேற்றரின் பக்கத்தில். மாற்றிவிட்டு, ஃபேஸ் ரிலே ஒன்றும் பூட்டினோம். வரிசை பிசகினாலும் ஒரு ஃபேஸ் போனாலும் அது யூனிட்டை ஓடவிடாது. இப்போது மூன்று ஃபேஸ் யூனிட் எதையும் அது இல்லாமல் நான் ஒப்படைப்பதில்லை.

உப்புவெளிப் பெட்டிக்குப் பின் பாஸ் ஒரு வழக்கம் ஏற்படுத்தினார். மூடியின் உட்புறத்தில் பென்சிலால் திகதியும் மூன்று ஃபேஸின் அம்பியரும் எழுத வேண்டும், யூனிட் ஓடும்போது அளந்தவை மட்டும். முழங்கால் நோவினால் அவர் இப்போது ஏணி ஏறுவதில்லை. போன சித்திரையில் நிலாவெளியில் ஒரு மூடியைத் திறந்தேன். மேல் வரிசையில் அவருடைய சாய்ந்த எழுத்து, கீழே என்னுடையவை. அன்றைய அளவை எழுதிவிட்டு அவருக்குத் தொலைபேசியில் வாசித்தேன்: 9.6, 9.8, 9.7.

“இறுக்கிய பிறகு அளந்தது தானே?”

“ஓம் பாஸ்.”

“கேபிள் கீழ்ப்பக்கத்தால்தானே ஏறுகிறது?”

“கீழ்ப்பக்கத்தால்தான். கிளாண்டும் இறுக்கம்” என்றேன்.