மச்சானோட கோன்ஃப்ளவரும் எங்க ஆவாரஞ்செடியும்

மச்சான் அமெரிக்காவுல ஒஹையோல தோட்டத்தோட வீடு வாங்குனதுல இருந்து வீடியோ கால்ல அவரு மூஞ்சியப் பாக்கறதே அபூர்வமாப் போச்சுங்க. போனைத் திருப்பிப் புடிச்சு செடிய காட்ட ஆரம்பிச்சா அரை மணி நேரம் போயிரும். அதுலயும் போன சீசன் முழுக்க கோன்ஃப்ளவர்தான். எக்கினேசியான்னு சளிக்கு மாத்திரை டீயெல்லாம் விக்கறாங்களே, அதே செடி. நடுவுல ஆரஞ்சும் பழுப்பும் கலந்து முள்ளு முள்ளா ஒரு கூம்பு, சுத்தியும் ரோஸ் கலந்த ஊதா இதழ் கீழ தொங்கிட்டு இருக்கும். சூரியகாந்தி, செண்டுமல்லி குடும்பந்தான், அதனால அந்தக் கூம்புல இருக்கற ஒவ்வொரு புள்ளியும் ஒரு குட்டிப் பூ, வெளி வட்டத்துல ஆரம்பிச்சு உள்ள உள்ள விரிஞ்சுட்டே போகும், ஒரு பூவுலயே தேனீக்கு நாள் கணக்குல தீனி கெடைக்கும். வெயில் நல்லா அடிக்கோணும், அது போதும். பூ காஞ்ச பொறவும் மச்சான் வெட்டாம அப்படியே விட்டுருவாரு, கோல்ட்ஃபிஞ்ச்னு ஒரு மஞ்சக் குருவி வந்து காஞ்ச தலை மேல உக்காந்து விதையக் கொத்தித் திங்குமாம். பனி கொட்டுனா மேல இருக்கறதெல்லாம் செத்துப் போயிரும், வேர் மட்டும் மண்ணுக்குள்ள தூங்கிட்டு இருந்து அடுத்த வருசம் தானா மொளைச்சு வந்துரும்.

அவரு ஊரு மண்ணுல காலங்காலமா இருக்கற செடி அது. "வர்றப்ப வெதை கொஞ்சம் எடுத்துட்டு வரட்டுங்களா மாப்ள"ன்னாரு. வேண்டாமுங்க மச்சான்னுட்டேன். வெளிநாட்டு வெதைய பர்மிட் இல்லாம பாக்கெட்ல போட்டுட்டு வர்றது தப்புங்கறது ஒண்ணு. அதை விட, அந்தச் செடிக்குக் குளுரு வேணும், வெதையே குளுர்ல கெடந்தாத்தான் நல்லா மொளைக்கும், எங்க காங்கயம் பக்கம் குளுருக்கு எங்க போறது?

சரி, வளத்துட்டோம்னே வெச்சுக்குவோம், பூச்சி வருமா? வரும். தேன் குடிக்கற பூச்சிக்கு நாடு எது ஊரு எதுன்னெல்லாம் கெடையாது, செண்டுமல்லியும் வரப்போரத்து மூக்குத்திப்பூவும் கூட அமெரிக்காக்கண்டத்துல இருந்து வந்ததுதான், நம்ம பட்டாம்பூச்சி குடிக்கத்தான் செய்யுது. ஆனா குடிச்சுட்டு முட்டை வெக்க எங்க போகும்ங்கறதுதான் என்னோட கேள்வி. பட்டாம்பூச்சி எல்லா எலையிலயும் முட்டை வெக்காதுங்க. இன்ன பூச்சிக்கு இன்ன செடின்னு இருக்கு, புழு அந்த எலையத்தான் திங்கும். வெறும் பூவா நட்டு வெச்சா அது டீக்கடை மாதிரி, வந்து குடிச்சுட்டுப் போயிரும், குடும்பம் நடத்தாது.

மச்சானுக்கு கோன்ஃப்ளவர்னா எனக்கு ஆவாரைதானுங்க. கோயமுத்தூர்லயே வருசத்துக்கு 700 மில்லிமீட்டர் சுமாருதான் மழை, எங்க கொறங்காட்டுப் பக்கம், அதாங்க உயிர்வேலி போட்ட மானாவாரி மேய்ச்சக்காடு, அதுவும் கெடையாது. கிளுவை வேலி, வெள்வேலா மரம், கொழுக்கட்டைப் புல்லு, இதுக்கு நடுவுல யாரும் தண்ணி ஊத்தாம வருசா வருசம் மஞ்சளா பூத்துட்டு நிக்கறது ஆவாரைதான். ஆடு மாடு பெருசா வாய் வெக்காது, அதனாலயே மேய்ச்சக்காட்டுல தப்பிச்சு நிக்குது. ஆனா மனுசன் விடல, ஒரு காலத்துல தோல் ஷாப்புகளுக்குப் பதம் போட இதோட பட்டையத்தான் உரிச்சுக் கட்டுக் கட்டா கொண்டு போவாங்க, பொறவுதான் அதுக்குப் பதிலா வாட்டில்னு ஒரு மரத்தோட பட்டை வந்துச்சு.

காலைல செடிகிட்டப் போய் நின்னு கேட்டுப் பாருங்க. ஆவாரம்பூவுல தேனே கெடையாது, வெறும் மகரந்தந்தான், அதுவும் மகரந்தப்பைக்குள்ள அடைச்சு வெச்சிருக்கும், வெளிய வர நுனில சின்ன ஓட்டை மட்டுந்தான். பெரிய கருவண்டு ஒண்ணு வந்து, அதாங்க காஞ்ச மரத்துல, மூங்கில்ல ஓட்டை போட்டுக் குடியிருக்குமே அது, பூவைக் கட்டிப் புடிச்சுட்டு ஒடம்பை உதறும். பறக்கறப்ப வர்ற சத்தம் வேற, இது வேற, உர்ர்ர்னு தனியா கேக்கும். அந்த அதுர்ல மகரந்தம் ஓட்டை வழியா பீச்சியடிச்சு வண்டு வயித்துல ஒட்டிக்கும். தேனீக்கு இந்த வித்தை வராது, செதறுனதப் பொறுக்கிட்டுப் போகும். எலைக்கு எலை நடுவுல குட்டியா ஒரு சுரப்பி இருக்கும், எறும்பு அதுக்குன்னே மேல ஏறும்.

எலைய திருப்பிப் பாத்தா பச்சையா புழு இருக்கும், எமிகிரண்ட்னு சொல்ற வெளுத்த பட்டாம்பூச்சியோடது. செல நேரம் கெளையவே மொட்டையாக்கிரும். எங்க ஊட்டுல அதப் பாத்துட்டு மருந்தடிக்கச் சொல்லி ஒரே சண்டை, நான் அடிக்கவே மாட்டேன்னுட்டேன், மழை பெஞ்சா மறுபடி தளைஞ்சுரும்.

வெக்கோணும்னா நர்சரிக்கெல்லாம் போகாதீங்க, கேட்டா சிரிப்பாங்க. இட்டேரிப் பக்கமா, அதாங்க ரெண்டு வேலிக்கு நடுவுல போற வண்டித்தடம், போனா பழுப்பா தட்டையா நெத்து தொங்கும், நாலு பறிச்சுக்குங்க. வெதைத் தோலு கெட்டி, சுடுதண்ணில போட்டு ராத்திரி ஊற வெச்சுட்டு ஐப்பசி மழைக்கு முன்னாடி வேணுங்கற எடத்துலயே ஊனிருங்க, ஏன்னா வேர் ஆழமா போற செடி, புடுங்கி மாத்தி நட்டா தேர்றது கஷ்டம். நெழல்ல வெச்சா எலை மட்டுந்தான் மிஞ்சும். மொத வருசம் கோடைல மட்டும் எப்பவாச்சும் ஒரு கொடம் தண்ணி. பக்கத்துல தும்பை, கிலுகிலுப்பை தானா வந்தா புடுங்கிராதீங்க, மூலைல கொழுக்கட்டைப் புல்லு கொஞ்சம் கதிர் விட விட்டீங்கன்னா சில்லைக் குருவியும் வரும்.

அப்புறம் பொங்கலுக்குக் காப்புக் கட்ட வேப்பிலை, பூளைப்பூவோட ஆவாரையும் வேணுமில்லீங்களா, இப்பெல்லாம் டவுன்ல கட்டு இவ்வளவுன்னு விக்கறதுக்காக செடியவே வேரோட புடுங்கிட்டு வந்துர்றாங்க. அருவாள்ல கெளைய மட்டும் அறுத்தா அதே செடி மறுபடி தளையும். மார்கழி கடைசில எங்க தோட்டத்துக்கு வர்ற ஒரம்பரைக கையில மொதல்ல அருவாளத்தான் குடுக்கறேன்.