85 செ.மீ., 140 செ.மீ., ஒரு செவ்வாய்க்கிழமை

தீம் பார்க் போகலாம் என்று வீட்டில் முடிவானதும் நான் முதலில் எடுத்தது தையல் டப்பாவில் கிடந்த இஞ்ச் டேப்பைத்தான். கதவு நிலையில் பிள்ளைகளை ஒட்டி நிற்க வைத்து, தலைமேல் ஸ்கேலைப் படுக்கப் போட்டு, பென்சிலால் கோடு. பெரியவள் 113, சின்னவன் 91. ஓசூரில் இருக்கும் நாத்தனார் போனிலேயே தன் மகனை அளந்து 138 என்று சொன்னார், பின்னாலிருந்து அவன் "ஷூ போட்டா 140 வரும் அத்தை" என்று கத்தினான்.

பெங்களூரு பக்கத்தில் பிடதியில் இருக்கும் வொண்டர்லாவுக்குத்தான் போகிறோம். அங்கே பிள்ளைகள் டிக்கெட்டுக்கு வயதைக் கேட்பதில்லை, உயரம்தான் கணக்கு. 85 செ.மீ.க்குக் கீழே இருந்தால் இலவசம், 85க்கும் 140க்கும் நடுவில் சிறுவர் டிக்கெட், அதைத் தாண்டினால் பெரியவர் டிக்கெட். பஸ்ஸில் கண்டக்டரிடம் "இன்னும் அஞ்சு முடியலைங்க" என்று சொல்லி, பிள்ளையை மடியில் குறுக்கி உட்கார வைக்கிற நம் வித்தை எதுவும் இங்கே எடுபடாது. இன்னும் மூன்று வயதுகூட ஆகாத என் பையனுக்கு ஆறு செ.மீ. கூடிப் போனதால் காசு கட்டியாக வேண்டும். பெரிய ரைடுகளில் பலவற்றுக்கும் அதே 140தான் எல்லை என்பதால் நாத்தனார் மகனுக்கு டிக்கெட் மலிவு, ஆனால் அவன் ஒரு வருஷமாக யூடியூபில் பார்த்துப் பார்த்து ஏங்குகிற ரீகாயில் ரோலர் கோஸ்டரில் ஏற முடியாது. இதை இப்போதே அவனிடம் சொல்லிவிடச் சொன்னேன். அவ்வளவு தூரம் போய், வரிசையில் கால் கடுக்க நின்று, அளவுகோல் பக்கத்தில் திருப்பி அனுப்பப்பட்டு அவன் அழுதால் அன்றைக்கு முழுக்க எல்லோருக்கும் மூட் அவுட்.

ஆக, குடும்பத்திலேயே குட்டையானவனை வைத்துத்தான் நாள் முழுக்கத் திட்டம் போட வேண்டும் என்பது என் கட்சி. என் வீட்டுக்காரர் கட்சி வேறு. "அவ்வளவு காசு கொடுத்துப் போறோம், எல்லாத்துலயும் ஏறணும்" என்கிறார். 91 செ.மீ. ஆசாமியைக் கையில் வைத்துக்கொண்டு எப்படி எல்லாவற்றிலும் ஏறுவது என்று கேட்டால், "நீ வச்சிரு" என்று பதில் வருகிறது. சரி, அதற்கு அப்புறம் வருகிறேன்.

ஏன் பிடதி என்றால், கிருஷ்ணகிரியிலிருந்து சுமார் 120 கிலோமீட்டர்தான். சென்னையில் ஈசிஆரில் விஜிபி, எம்ஜிஎம் எல்லாம் உண்டு, திருப்போரூர் பக்கம் வொண்டர்லாவே 2025 டிசம்பரில் திறந்துவிட்டார்கள். ஆனால் சென்னை நமக்கு 250 கிலோமீட்டர், போய்ச் சேரும்போதே பிள்ளைகள் துவண்டுவிடும், ரூம் போடாமல் முடியாது. மேட்டுப்பாளையம் பிளாக் தண்டரும் சேலம், அவிநாசி என்று சுற்றிப் போகிற தூரம்தான். பிடதி பார்க் 2005இல் வந்தது. அதற்கு முன்னால் 2000இல் கொச்சியில் வீகாலேண்ட் என்ற பெயரில் தொடங்கியவர்களும் இவர்களேதான், வி-கார்ட் ஸ்டெபிலைசர் கம்பெனிக்காரர்கள். எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜுக்கு மேல் சுவரில் மாட்டியிருக்கிற பெட்டிக்கும் ரோலர் கோஸ்டருக்கும் ஒரே முதலாளி என்று தெரிந்ததிலிருந்து என் மகள் அதைக் கொஞ்சம் மரியாதையாகத்தான் பார்க்கிறாள்.

எந்தத் தேதியில் போவது என்பதில்தான் மண்டை காய்ந்தது. கோடை லீவு எங்கள் வீட்டுக்குக் கிடையாது. சந்தூர் பக்கம் மாமனார் தோப்பு, மே பிறந்தால் மாங்காய் அறுப்பு, பெங்களூரா ரக மாங்காய் லோடு கூழ் பேக்டரிக்குப் போய்க்கொண்டே இருக்கும், ஜூலை வரைக்கும் வீட்டுக்காரர் முகத்தைப் பார்ப்பதே பெரிய விஷயம். காலாண்டு லீவில் போகலாம் என்றால் அது பெரும்பாலும் கர்நாடகாவின் தசரா லீவோடு வந்து மோதும், பிடதி இருப்பதோ மைசூர் ரோட்டில், சொல்ல வேண்டியதில்லை. அரையாண்டு லீவு என்றால் கிறிஸ்துமஸ், புத்தாண்டுக் கூட்டம், அதோடு பெங்களூர்க் குளிரில் சின்னவனைத் தண்ணீரில் இறக்கினால் அடுத்த வாரம் முழுக்க ஆஸ்பத்திரி வராந்தாதான்.

அப்புறம்தான் எனக்கு ஒரு யோசனை வந்தது, எல்லையோரம் இருக்கிறவர்களுக்கு மட்டும் பலிக்கிற யோசனை. நமக்கு லீவு, கர்நாடகாவுக்கு வேலை நாள் என்று ஒரு நாள் பிடித்தால் போதுமே. மாட்டுப் பொங்கல்! நமக்கு அரசு விடுமுறை, அவர்களுக்குச் சங்கராந்தி முந்தின நாளே முடிந்துவிடும். காலண்டரில் வட்டம் போட்டுக் காட்டினேன். வீட்டுக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். எங்கள் பக்கம் எருது விடும் விழா நடக்கிற சீசன் அது, தோப்புக்குக்கூட ஆள் வைத்துவிட்டு எருது விடுகிற இடத்துக்குப் போகிற மனிதர். வட்டத்தை அழித்துவிட்டேன். அடுத்து தைப்பூசம். நம் மாநிலத்தில் மட்டும் லீவு, சரியாகத்தான் இருந்தது, ஆனால் அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு, பால்குடம் வேண்டுதல் இருக்கிறது, அதை என்னிடம் இதுவரை யாருமே சொல்லவில்லை.

கடைசியில் பிப்ரவரியில் ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை. பள்ளிகள் பஸ் பஸ்ஸாக டூர் கூட்டி வருகிற மும்முரம் நவம்பர் முதல் ஜனவரி வரைக்கும்தான், பிப்ரவரியில் அது தணியும், குளிரும் குறையும், மழையும் இருக்காது. வார இறுதியைவிட வார நாளில் டிக்கெட்டும் குறைவு, முன்கூட்டியே ஆன்லைனில் எடுத்தால் இன்னும் கொஞ்சம் மிச்சம். பெரியவளுக்கு ஒரு நாள் பள்ளி போகும்தான். ஒன்றாம் வகுப்பில் ஒரு செவ்வாய்க்கிழமை போனதால் யாருக்கும் கலெக்டர் வேலை கை நழுவியதில்லை.

கிளம்புவது முந்தின நாள் மாலை. ராத்திரி ஓசூரில் நாத்தனார் வீட்டில் தங்கல், அவருடைய மகனையும் கூட்டிக்கொண்டு காலையில் புறப்பாடு. இங்கிருந்தே விடிகாலை கிளம்பலாம் என்று சொன்னார்கள், ஆனால் தூக்கம் கெட்ட பிள்ளையோடு பார்க்கில் நுழைவது எனக்குச் சரிப்படாது, அதோடு சின்னவனுக்குக் கார் சூளகிரி தாண்டுவதற்குள் வாந்தி வரும். ஓசூரிலிருந்து அத்திப்பள்ளி, எலக்ட்ரானிக் சிட்டி, அங்கே நைஸ் ரோட்டில் ஏறினால் ஊருக்குள் நுழையாமலேயே மைசூர் ரோட்டில் போய் இறங்கலாம். கிருஷ்ணகிரி, அத்திப்பள்ளி, நைஸ் ரோடு என்று டோல் வரிசையாக வரும், அதையும் பட்ஜெட்டில் எழுதிக்கொள்ளுங்கள். மைசூர் ரோட்டில் ஏறிய பிறகு ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். 2023இல் வந்த எக்ஸ்பிரஸ்வேயின் நடு லேனில் போய்விட்டால் அது பிடதி ஊரை ஒதுக்கிக்கொண்டு நேரே ராமநகரா பக்கம் இழுத்துக்கொண்டு போய்விடும், ஆகவே சர்வீஸ் ரோட்டைப் பிடித்துத்தான் போக வேண்டும்.

கார் இல்லாதவர்களுக்கு இப்போது ஒரு நல்ல வழி இருக்கிறது. 2025 ஆகஸ்டில் பொம்மசந்திரா வரைக்கும் மெட்ரோவின் மஞ்சள் லைன் வந்துவிட்டது, அது ஓசூர் ரோட்டிலேயே இருக்கிறது. அங்கே ஏறி ஆர்.வி. ரோட்டிலும் மெஜஸ்டிக்கிலும் மாறினால் கெங்கேரி தாண்டி சல்லகட்டா வரைக்கும் ரயிலிலேயே போகலாம், மீதியை மட்டும் பஸ்ஸிலோ ஆட்டோவிலோ பார்த்துக்கொள்ள வேண்டும். தர்மபுரிக்காரர்களுக்கு ஓசூர் வழியாகப் பெங்களூருக்கு ரயிலே இருக்கிறது. கிருஷ்ணகிரி டவுனுக்குத்தான் அந்தக் கொடுப்பினை இல்லை, அந்தப் புலம்பலை இன்னொரு பதிவில் வைத்துக்கொள்ளலாம்.

சாப்பாட்டுப் பஞ்சாயத்து இன்னும் ஓடுகிறது. வெளிச் சாப்பாடு உள்ளே கொண்டுபோகக் கூடாது, கைக்குழந்தைக்கான உணவுக்கு மட்டும் விதிவிலக்கு. இதை அத்தையிடம் சொன்னபோது, "புளிசோறு கூடவா?" என்றார். புளிசோறு கூடத்தான். எங்கே போனாலும், ஒகேனக்கல்லோ கே.ஆர்.பி. அணை பார்க்கோ, தூக்குப் போசி நிறையப் புளிசோறும் உருளைக்கிழங்கு வறுவலும் இல்லாமல் அவர் வண்டி ஏறியதே இல்லை. உள்ளே ஐந்து பேருக்கு மேல் வாங்கிச் சாப்பிட்டால் என்ன ஆகும் என்று அவர் கணக்குப் போட்ட வேகத்தைப் பார்க்க வேண்டுமே. இப்போதைக்கு எட்டியிருக்கிற உடன்பாடு: காலையில் பிடதியில் தட்டு இட்லி, அந்த ஊருக்கே அதில்தான் பெயர், ஒன்று சாப்பிட்டால் பிள்ளைகளுக்கு மதியம் வரை தாங்கும். மதியம் உள்ளேயே லேசாக வாங்கிக்கொள்வது. புளிசோறு காரிலேயே இருக்கும், திரும்பும்போது சாப்பிடலாம்.

உடையைப் பற்றி முன்பே போய் வந்த தோழி சொல்லித்தான் தெரியும். தண்ணீர் ரைடுகளுக்குப் பருத்தித் துணி கூடாது, நைலான், பாலியஸ்டர் மாதிரித் துணிதான். புடவை, சுடிதார், ஜீன்ஸ் எதுவும் ஆகாது. உள்ளேயும் விற்கிறார்கள், ஆனால் எல்லோருக்கும் அங்கே வாங்கினால் கட்டுப்படியாகாது என்று கிருஷ்ணகிரியிலேயே முழுக்கை டிசர்ட், லெக்கிங்ஸ் எடுத்தாயிற்று. எடுத்த அன்றைக்கே வீட்டில் போட்டுக்கொண்டு ஒரு பக்கெட் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன், மகளுக்கு எடுத்ததில் சிவப்புச் சாயம் தரையெல்லாம் ஓடியது, கடையில் கொடுத்து மாற்றிக்கொண்டேன். சின்னவனுக்கு சாதாரண டயப்பர் தண்ணீரில் ஊதி முட்டிக்குத் தொங்கும், நீச்சல் டயப்பர் என்று தனியாக வருகிறது, அதை ஆன்லைனில்தான் வாங்க முடிந்தது.

பயப்படுவார்களா மாட்டார்களா என்பதற்கு எனக்கு இருக்கிற ஒரே அத்தாட்சி நம்ம ஊர் மாங்கனிக் கண்காட்சி ராட்டினங்கள். அங்கே கொலம்பஸ் பாதி ஆட்டத்தில் பெரியவள் போட்ட கூச்சலில் ஆபரேட்டரே நிறுத்திவிட்டார். சின்னவனோ டிராகன் ரயிலை விட்டு இறங்க மாட்டேன் என்று கம்பியைப் பிடித்துக்கொண்டான். ஆகவே வயது ஏற ஏறத் தைரியம் ஏறும் என்ற கணக்கெல்லாம் என்னிடம் இல்லை. பெரியவளிடம், பிடிக்காத எதிலும் ஏற வேண்டாம், கேலி செய்ய மாட்டோம் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். அவள் அப்பாவிடமும் தனியாக வாங்கியிருக்கிறேன்.

அன்றைய நாளின் வரிசை இதுதான். தண்ணீர் ரைடுகள் மதியம் 12 மணி வாக்கில்தான் திறக்கும் என்பதால் காலையில் சின்னப் பிள்ளைகளுக்கான காய்ந்த ரைடுகள். அந்த நேரத்தில் வீட்டுக்காரர் தனியாகப் போய் ரீகாயிலோ எதுவோ ஏறிவிட்டு வரட்டும், வந்ததும் பிள்ளைகளை வாங்கிக்கொள்ள வேண்டும், நான் ஜயன்ட் வீலுக்குப் போவேன். இதுதான் அந்த "நீ வச்சிரு"வுக்கு என் பதில், முறை வைத்துப் பார்த்துக்கொள்வது. அப்புறம் தண்ணீர், அப்புறம் சின்னவன் எப்படியும் இரண்டு மணிக்குச் சாய்ந்துவிடுவான், அத்தை நிழலில் அவனோடு உட்கார்ந்துகொள்வார். அவர் தண்ணீரில் இறங்க மாட்டேன் என்று இப்போதே சொல்லிவிட்டதால் பைகளுக்கும் காவல் ஆயிற்று. தண்ணீரில் இருக்கும்போது போன்கள் லாக்கரில் இருக்கும், ஒருவரை ஒருவர் கூப்பிட முடியாது. அதனால் ஒவ்வொரு தடவை பிரியும்போதும் எந்த இடம், எத்தனை மணி என்று பேசிவிட்டுத்தான் பிரிய வேண்டும். பிள்ளைகளின் முழங்கையில் அழியாத மார்க்கரில் போன் நம்பர், அதிலும் அத்தையின் நம்பர், ஏனென்றால் போன் கையில் இருக்கப் போவது அவர் ஒருவரிடம்தான். காலையில் வாசலிலேயே பிள்ளைகளை அன்றைய உடையோடு ஒரு போட்டோ. காணாமல் போனால் என்ன கலர் சட்டை என்று பதற்றத்தில் யாருக்கும் ஞாபகம் வராது.

இன்னும் தீராமல் நிற்கிற இன்னொன்று, பார்க்கை விட்டுக் கிளம்பும் நேரம். ஆபீஸ் விடுகிற நேரத்தில் எலக்ட்ரானிக் சிட்டியிலிருந்து ஓசூர் பக்கம் வருவது என்ன பாடு என்று அந்த ரோட்டில் வந்தவர்களுக்குத் தெரியும், அதனால் நான்கு மணிக்கே வண்டியை எடுத்துவிட வேண்டும் என்கிறேன். சாயங்காலம் ரெயின் டான்ஸ் பார்க்காமல் வர முடியாது என்று பெரியவளும் நாத்தனார் மகனும் ஒரே பிடியாக நிற்கிறார்கள். வீட்டுக்காரரும் அந்தப் பக்கம் போய்விட்டார். அத்தை மட்டும் என் கட்சி, அதுவும் காரில் இருக்கிற புளிசோறு கெட்டுப்போய்விடுமே என்கிற கவலையில்.